கம்பியிலிருந்து உருவிய கடிதங்கள்

எண்பதுகளின் நடுவில், தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் இருந்த ஒரு சின்ன ஆபீசில் எனக்கு முதல் வேலை கிடைத்தது. வற்றிய கிணறுகளுக்குள் போர் போட்டுத் தரும் கம்பெனி அது. டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்திருந்த எனக்கு மிதப்புக்குக் குறைவில்லை. அந்த மிதப்பு சரியாக ஒன்பது நாள் தாங்கியது.

ஆபீஸ் சுவரில் ஒரு நீளக் கம்பி தொங்கும். போர் கேட்டு விவசாயிகள் எழுதும் கடிதங்களை, வர வர அதில் குத்தி விடுவார்கள். மளிகைக் கடை மாதிரி இருக்கிறதே என்று எனக்கு ஒரே அருவருப்பு. முதலாளி வெளியூர் போன சமயம் பார்த்து, யாரையும் கேட்காமல் புது ஃபைல்கள் வாங்கினேன். கடிதங்களை உருவி, பெயர்களை அகர வரிசையில் அடுக்கி, லேபிளும் ஒட்டினேன். கம்பியைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டேன். முதலாளி வந்ததும் பாராட்டுவார் என்று நினைத்து, பாராட்டை எப்படி அடக்கமாக ஏற்றுக்கொள்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

சனிக்கிழமை காலையில் போர் வண்டியின் மேஸ்திரி வந்தார். "திங்கக்கெழம வேல ஆரம்பிக்கிறோங்க. மொத கெணறு யாருதுங்க?" என்றார்.

ஃபைலைத் திறந்தேன். ஒரு கடிதத்திலும் தேதி இல்லை. பஸ் கண்டக்டர்களிடம் கொடுத்தனுப்பிய கடிதங்கள் என்பதால் தபால் முத்திரையும் இல்லை. கம்பியில் அடியில் இருப்பவர் முதல் ஆள், மேலே இருப்பவர் கடைசி ஆள். அந்தக் கம்பிதான் தேதி என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அடிக் கடிதத்தில் துரு அதிகம் இருக்குமே என்று ஓட்டைகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எல்லாம் ஒரே துரு!

இருபத்து மூன்று கிணறுகள். கோடை தலைக்கு மேல் நின்றது. யார் முந்தியவர் என்று நானாக ஒரு வரிசை எழுதியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் யாருடைய பயிரோ என் கையால் காயும் என்று நினைத்ததும், எடுத்த பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். அதே கண்டக்டர்களிடம் சொல்லி, எல்லோரையும் ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னேன்.

வந்தார்கள். நடந்ததை மறைக்காமல் சொல்லி, அழுதும் விட்டேன். பென்னாகரம் பக்கத்திலிருந்து வந்த, பச்சைத் துண்டு போட்ட ஒருவர், "அழுவாதம்மா. கம்பி போனா என்ன, நாங்க இருக்கறம்ல?" என்று சிரித்தார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. ஒருவர் தங்கள் ஊர்த் தேருக்கு முந்தின நாள் கொடுத்ததாகச் சொன்னார். இன்னொருவர் பசு கன்று போட்ட அன்று என்றார். இருவர் ஒரே நாள் என்று முறைத்துக்கொண்டபோது, காலை பஸ்ஸா சாயங்கால பஸ்ஸா என்று கேட்டு மற்றவர்களே தீர்த்து வைத்தார்கள். அரை மணி நேரத்தில் சந்து நெடுக வரிசை நின்றது. முதல் ஆள் அந்தப் பச்சைத் துண்டுக்காரர்.

பதினேழாவதாக நின்றவர் இண்டூர்ப் பக்கத்து அம்மா. ஒரு கிணற்றுக்கு எத்தனை நாள் ஆகும் என்று என்னிடம் கேட்டார். ஒரு நாள் என்றேன். விரல் விட்டு எண்ணியவர் முகம் வாடிவிட்டது. "தட்டுல பட்டுப்புழு இருக்குதுங்க. அதுக்குத் தழை போடற மல்பெரிச் செடி அதுவரைக்கும் தாங்காதுங்க" என்றார், வேறெதுவும் கேட்கவில்லை.

முன்னாலிருந்து துண்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். "எங்கெணத்துல இன்னும் மொழங்காத் தண்ணி நிக்குது. நீங்க இங்க வாங்கம்மா" என்று சொல்லி, நேராக நடந்து போய்ப் பதினேழாவது இடத்தில் நின்றுகொண்டார். இருவரும் அதற்கு முன்னால் பார்த்துக்கொண்டதே இல்லை.

முதலாளியிடம் திட்டு வாங்கினேன், வேலை மட்டும் தப்பியது. சில வாரம் கழித்து இண்டூர் பஸ்ஸில் ஒரு கடிதம் வந்தது. தண்ணீர் வந்துவிட்டது, புழு கூடு கட்டிவிட்டது என்று எழுதியிருந்தார் அந்த அம்மா. உச்சியில், கொட்டை எழுத்தில், தேதி!

போன மாதம் எங்கள் ஆபீசில் பழைய ஈமெயில்களைப் புது வடிவக் கோப்புக்கு மாற்றியபோது, தேதி கூடவே வருகிறதா என்று நான் நாலு தடவை கேட்டதில் எல்லோரும் சிரித்தார்கள். அவர்களுக்கு என் கம்பிக் கதை தெரியாது. ஆனால் எந்த வரிசையிலாவது நின்று, எப்படியாவது முன்னால் போய்விட மனம் பறக்கும்போது, தானாகப் பின்னால் நடந்து போன அந்தப் பச்சைத் துண்டு கண்ணில் வந்து நிற்கிறது. நானும் பேசாமல் என் இடத்தில் நின்றுகொள்கிறேன்.