பின் ஸ்பிரிங்

வேங்கிக்காலில் குமரேசனின் பைக் பட்டறையைத் தெரியாதவர்கள் குறைவு. கைராசிக்காரன், அதற்கேற்ற தலைக்கனமும் உண்டு. தெருமுனையில் திரும்பும் சத்தத்தை வைத்தே வண்டிக்கு என்ன நோவு என்று சொல்லிவிடுவான். "வண்டி பேசுங்க, நமக்குத்தான் காது வேணும்" என்பான். அந்தக் காதை நம்பித்தான் மனுஷன் மோசம்போனான்.

அவனுடைய சொந்த வண்டி தார்ரோட்டிலும் ஓடும், ஜவ்வாது மலையின் கல்லுப் பாதையிலும் ஏறும். கட்டை டயர், எஞ்சினுக்கு அடியில் கல் அடிக்காமலிருக்கக் கனத்த தகடு என்று பார்த்துப் பார்த்துச் செய்தது. பின் சீட்டை மட்டும் மூன்று தரம் பிரித்துத் தைத்தான். அது அவன் மனைவி அன்புச்செல்விக்கு. கலெக்டர் ஆபீசில் டைப்பிஸ்ட். பௌர்ணமிக்கு ஊரே கிரிவலம் என்று மலையைச் சுற்றிக்கொண்டிருக்க, இவள் லீவு போட்டுவிடுவாள். இருவரும் ஜமுனாமரத்தூர் பக்கம் கிளம்பிவிடுவார்கள்.

பின் ஸ்பிரிங்கை இறுக்க ஒரு வளையம் இருக்கும், அதில் ஏழு பல். கனமான ஆளுக்கு மேல் பல், லேசான ஆளுக்குக் கீழ்ப் பல். இவர்கள் இரண்டு பேருக்கும் வண்டி வாங்கிய நாளிலிருந்து ஐந்தாவது பல்தான்.

மாசி பௌர்ணமிக்குப் போய்த் திரும்பும்போது அவள் தோளைத் தட்டினாள். "என்னாங்க, பின்னாடி தூக்கித் தூக்கி அடிக்குது."

அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. டயரில் காற்றைப் பார்த்தான், புஷ்ஷை மாற்றினான், ஷாக் அப்சார்பரைக் கழற்றிப் பூட்டினான். ஒரு குறையும் இல்லை. கடைசியில் ஸ்பிரிங்கை நாலாவது பல்லுக்கு இறக்கினான். சித்திரையில் மறுபடி அடித்தது, மூன்றாவது பல்லுக்கு. ஆடியில் இரண்டாவதுக்கு. ஒவ்வொரு தடவையும் தேதி போட்டுப் பட்டறையின் தகரச் சுவரில் பெயிண்டால் எழுதி வைத்தான்.

"இப்ப எப்டி இருக்கு?"

"சோபாவுல குந்தன மாதிரி இருக்கு."

பூரித்துப்போனான், மடையன்.

ஆவணியில் அவளுக்குச் சாப்பிட்டது எதுவும் வயிற்றில் தங்கவில்லை. ஸ்கேன் படத்தைப் பார்த்த டாக்டர், "எடை எப்பலேர்ந்து கொறையுது?" என்று கேட்டார்.

"தெரியல டாக்டர். ஜாக்கெட்டுங்கதான் லூசாயிடுச்சி."

எப்போதிலிருந்து என்று குமரேசனுக்குத் தெரியும். தகரச் சுவரில் தேதியோடு இருக்கிறது. வண்டியில் ஒரு கோளாறும் இருந்ததில்லை. பின்னால் உட்கார்ந்தவள்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்திருக்கிறாள். வண்டி மாசக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்ததை அவன் ஸ்பேனர் போட்டு அடக்கியிருக்கிறான்.

கார்த்திகை தீபத்துக்கு முந்தின வாரம் அவள் போய்ச் சேர்ந்தாள்.

காரியம் முடிந்து பட்டறையைத் திறந்ததும் குமரேசன் செய்த முதல் வேலை, ஸ்பிரிங்கை ஐந்தாவது பல்லுக்கே ஏற்றியதுதான். தனியாக ஓட்டினால் வண்டி அவனைப் பந்து மாதிரித் தூக்கிப் போட்டது. பக்கத்துக் கடை வேணு, "ஒத்த ஆளுக்கு எதுக்குடா அஞ்சு? முதுகு போயிடும்" என்றான்.

"போவட்டும்" என்றான் குமரேசன்.

பங்குனியில் சக்கரபாணி பெண்டாட்டியோடு வண்டியில் வந்து இறங்கினார். பல வருஷத்து வாடிக்கை.

"குமரேசா, கொஞ்ச நாளா பின்னாடி ஜாஸ்தி அடிக்குதுன்றா. ஒரு பல் கம்மி பண்ணி வுடு."

குமரேசன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வளையத்தில் ஸ்பேனரை மாட்டினான். கை அதற்குமேல் ஓடவில்லை. நிமிர்ந்து அந்த அம்மாவைப் பார்த்தான்.

"அக்கா, ஒடம்பு எளைச்சிருக்கீங்களா?"

அவள் சிரித்தாள். "வெயிலு தம்பி. சோறு எறங்கல."

குமரேசன் ஸ்பேனரைக் கழற்றிக் கீழே வைத்தான். "வண்டியில ஒண்ணும் இல்லண்ணே. அக்காவ நாளைக்கே டாக்டர்கிட்ட காட்டுங்க."

சக்கரபாணிக்குக் கோபம் வந்துவிட்டது. "ஸ்பிரிங்க லூஸ் பண்ணுன்னா பண்ணு. என்னாத்துக்குடா இந்த அபசகுனப் பேச்சு?"

குமரேசன் எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான். அவர் கையிலும் கிரீஸ் அப்பியது.

"நான் லூஸ் பண்ணேண்ணே" என்றான். "மூணு தடவ லூஸ் பண்ணேன்."