குலவைக்கு வைத்த அளவு

1. அக்காவுக்கு ஏழாம் மாதம் பிறந்தது. வளைகாப்பைத் துபாயிலேயே வைப்பதென்று அவள் மாமியார் வீட்டில் முடிவு செய்தார்கள்.
2. கோட்டுச்சேரியில் எங்கள் வயலில் சம்பா நடவு. அம்மாவால் நகர முடியவில்லை.
3. அக்கா போனில் அழுதாள். "வளையலு இங்கயே கெடைக்குதும்மா. நீ பாடாம எப்புடி அடுக்கிக்கிறது?"
4. எலக்ட்ரானிக்ஸ் படித்த நான், பாட்டைப் பதிவு செய்து அனுப்புவதாகச் சொன்னேன்.
5. முதல் பதிவு கெட்டுப்போனது.

கெடுத்தது குலவை. பாட்டின் ஒவ்வொரு அடி முடிந்ததும் கூட இருக்கும் பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குலவையிடுவார்கள். அம்மாவின் மெல்லிய குரலுக்காக மைக் ஒலியை வாங்கும் அளவை ஏற்றி வைத்திருந்தேன். குலவை எழுந்ததும் திரையில் ஒலியின் அளவைக் காட்டும் கோடு சிவப்பில் போய் முட்டியது. போட்டுக் கேட்டால் தகரத்தைக் கிழிப்பது போலிருந்தது. பதிவாகும்போதே உடைந்த ஒலியைப் பிறகு ஒட்டவைக்க முடியாது.

மறுநாள் மாலை, குலவையே வேண்டாம் என்றேன்.

"வாயப் பொத்திக்கிட்டு ஒக்காரத்தான் எங்கள கூப்புட்டியாடி?" என்றாள் சித்தி.

அம்மா மூன்றாம் அடியிலேயே இருமி நிறுத்திவிட்டாள்.

"என்னம்மா ஆச்சு?"

"இவளுவ குலவ போடுறப்பதான நான் மூச்சு வாங்குவேன். இப்ப எங்க வாங்குறது?"

இத்தனை வருடம் கேட்டும் எனக்கு அது தெரிந்திருக்கவில்லை. பாட்டு வேண்டுமென்றால் குலவையும் வேண்டும்.

அடுத்த முறை முதலில் குலவையிடச் சொல்லி, அது சிவப்பைத் தொடாதபடி அளவைக் குறைத்தேன். மைக்கை அம்மாவின் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில், சற்றே பக்கவாட்டில் வைத்தேன். சித்தியையும் மற்றவர்களையும் கொல்லைக் கதவுக்கு வெளியே நிறுத்தினேன்.

"நல்ல காரியத்துக்கு வந்தவள கொல்லைக்குத் தொரத்திட்டா பாரு," என்றாள் சித்தி. அம்மா சிரித்துக்கொண்டே பாட ஆரம்பித்தாள். அந்தச் சிரிப்பை நான் வெட்டவில்லை.

ஹெட்போனில் நன்றாகவே இருந்தது. ஆனால் அக்கா போடப்போவது சின்ன ஸ்பீக்கரில், வீடு நிறைய ஆட்களுக்கு நடுவே. அதனால் எங்களிடமிருந்த சின்ன ஸ்பீக்கரைக் கூடத்தில் வைத்துவிட்டு, சமையலறையில் நின்று கேட்டேன். சொற்கள் மங்கலாக இருந்தன. கனத்த தாழ்ந்த ஒலியை, அதாவது பேஸை, கொஞ்சம் குறைத்ததும் தெளிந்தன.

அனுப்பிய அன்றே அக்கா கூப்பிட்டாள். "அம்மா மூச்சு வாங்குறதுகூட கேக்குதுடி."

வளைகாப்பு வரும் ஞாயிற்றுக்கிழமை. பாட்டு அக்காவின் போனில் இருக்கிறது. ஸ்பீக்கரில் போட்டுப் பார்த்துவிட்டாள். இங்கே நடவு இன்னும் முடியவில்லை. அம்மா வயலில் இருக்கிறாள்.