கடலுக்கு மூன்றாவது தெரு

அந்தத் தெருவில் அவளை ஹலோ அம்மா என்றுதான் சொல்வார்கள். கதவைத் தட்டினாலும் சரி, எதிரே வந்து நின்றாலும் சரி, அவள் வாயில் முதலில் வருவது "ஹலோ" தான். முப்பத்தோரு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக உட்கார்ந்தவளுக்கு வேறு என்ன வரும்? பழகின நாக்கு.

காதை இறுக்கிப் பிடித்த ஹெட்போன், எதிரே ஓட்டை ஓட்டையாய் ஒரு பலகை, இரண்டு கையிலும் வயர். எந்த வீட்டில் சாவு, எந்த வீட்டில் பிள்ளை பிறந்தது என்பதெல்லாம் சொந்தக்காரர்களுக்கு முன்னால் அவளுக்குத் தெரியும். தெரிந்தும் ஒருநாளும் வாயைத் திறந்ததில்லை. கேட்டதைக் கேட்காத மாதிரி இருப்பது அந்த வேலையின் முதல் பாடம். இரண்டாவது பாடம், மாற்றுக்கு ஆள் வந்து நாற்காலியில் உட்காரும் வரை ஹெட்போனைக் கழற்றக் கூடாது. ஒரு தடவை மாற்று ஆள் வரவே இல்லை. எட்டு மாத வயிற்றோடு பதினாறு மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். கால் இரண்டும் தூண் மாதிரி வீங்கிப் போயிற்று. கணவர் போய் மேலதிகாரியிடம் சண்டை பிடித்தார். "லைன்ல யாராவது கூப்பிட்டுக்கிட்டே இருப்பாங்களே, எப்படி எழுந்து வரது?" என்று இவள் கணவரையே கடிந்துகொண்டாள்.

கணவர் ஒரு பாங்கின் ரெக்கார்டு ரூமில் வேலை பார்த்தவர். தரைக்குக் கீழே, ஜன்னல் இல்லாத அறை. காலையில் இறங்கினால் சாயங்காலம்தான் வானத்தைப் பார்ப்பார். கூரை வரை அடுக்கின பழைய பைல்களுக்கு நடுவில் முப்பத்து மூன்று வருஷம். வீட்டுக்கு வந்தால் மட்டும் மனுஷனுக்கு எங்கிருந்தோ ஒரு குஷி வந்துவிடும். செருப்பைக் கழற்றும்போதே குரல் கொடுப்பார்.

"ஆபரேட்டர்! லைன்ல இருக்கியா?"

"இருக்கேன், சொல்லுங்க!"

எந்த அறையிலிருந்தாலும் இதுதான் கேள்வி, இதுதான் பதில். பையன் பிறந்து, வளர்ந்து, படித்து, வேறு தேசத்துக்கு விமானம் ஏறிப் போன பிறகும் இது மாறவில்லை.

இரண்டு பேரும் ஓய்வு பெற்றதும் அவர் ஒரே பிடியாய் நின்றார். கடல் பக்கத்துச் சின்ன ஊராகப் பார்த்துப் போய்விட வேண்டும். "கண்ணுக்கு எட்டுற தூரம் வரைக்கும் ஒரு சுவர் இருக்கக் கூடாது. அவ்வளவுதான் என் ஆசை" என்றார். பாவம், நியாயமான ஆசைதான். மூன்று ஊர் போய்ப் பார்த்தார்கள். முதல் ஊரில் கடலுக்கு முன்னால் மீன் குளிரூட்டும் தொழிற்சாலை, அதற்கு ஆளுயர மதில். இரண்டாவதில் அடுக்குமாடி கட்டினவர்கள் கடலை முழுங்கி ஏப்பம் விட்டிருந்தார்கள். மூன்றாவதுதான் இந்த ஊர். கடலிலிருந்து மூன்றாவது தெருவில் ஓட்டு வீடு. முன்னறை ஜன்னலில் உட்கார்ந்தால் எதிரே இரண்டு வீட்டுக்கு நடுவில் ஒரு கீற்றுக் கடல் தெரியும்.

வீடு பார்க்க வந்த அன்று கரையில் போய் நின்றார்கள். அலை வந்தது, உடைந்தது, நுரைத்தது, திரும்பிப் போயிற்று.

"பிடிச்சிருக்கா?"

"ரொம்பப் பிடிச்சிருக்குங்க. சத்தமே இல்ல பாருங்க."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். மனைவி கிண்டல் பண்ணுகிறாள் என்று நினைத்துக்கொண்டார். அவள் கிண்டல் பண்ணவில்லை. முப்பத்தோரு வருஷ ஹெட்போன் அவள் காதை மெல்ல மெல்ல அரித்திருந்தது. இரண்டு பேருக்குமே அது அப்போது தெரியாது. அவள் 'பிடிச்சிருக்கு' என்று சொன்னது ஊமைக் கடலை.

"அங்க நல்ல ஆஸ்பத்திரி இருக்காப்பா?" என்று பையன் போனில் கேட்டான். "எனக்கென்னடா, கல்லு மாதிரி இருக்கேன்" என்றார் அப்பா. கல்தான் தண்ணீரில் முதலில் மூழ்கும் என்பதை அவருக்கு யார் சொல்வது?

குடிவந்து நாலு மாதத்தில் டிவி சத்தத்தால் பக்கத்து வீட்டுக்காரியே வந்துவிட்டாள். அவள் ஓய்வுபெற்ற நர்ஸ். "அக்கா, உங்க சீரியல் கதை எனக்கும் அத்துப்படி ஆயிடுச்சு. காதை ஒரு தடவை காட்டிடுங்களேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் போய்ப் பெரிய ஊரில் காட்டினார்கள். காது மெஷின் மாட்டி அனுப்பினார்கள். "முதல்ல கொஞ்சம் இரைச்சலா இருக்கும், போகப் போகப் பழகிடும்மா" என்றார் டாக்டர்.

சாயங்காலம் திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கினாள். இறங்கினவள் அப்படியே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். கொதிக்கிற எண்ணெயில் யாரோ தண்ணீரைக் கொட்டிக்கொண்டே இருக்கிற மாதிரி ஒரு இரைச்சல்.

"என்னங்க இது?"

"எது? ஓ, கடலா? கேக்குதா உனக்கு? நல்லா கேக்குதா?" சின்னப் பிள்ளை மாதிரி குதித்தார். "நான் தினம் இதைக் கேட்டுக்கிட்டேதான் தூங்கறேன். இனிமே ரெண்டு பேரும் கேக்கலாம்!"

அந்த முகத்தைப் பார்த்துவிட்டு என்ன சொல்ல முடியும்? "நல்லா இருக்குங்க" என்றாள்.

பழகிடும் என்றார்களே, பழகவில்லை. பாத்திரச் சத்தம் பழகியது, மின்விசிறி பழகியது, தன் குரல்கூடப் பழகியது. கடல் மட்டும் காலையில் மெஷினை மாட்டினது முதல் மண்டைக்குள் நின்று இரைந்தது. டாக்டரிடம் போய்ச் சொல்லலாம்தான். ஆனால் கூட வருவது அவர். அவருக்கு முன்னால் எப்படிச் சொல்வது? ஒரு மனுஷன் ஆயுசுக்கும் கேட்டது ஒரே ஒரு கடல்.

அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். அவர் காலையில் நடக்கப் போகும்போது மெஷினைக் கழற்றிச் சின்ன டப்பாவில் போட்டு ஜன்னல் கட்டையில் வைத்துவிடுவாள். அவர் வரும் நேரத்தில் மாட்டிக்கொள்வாள். நாளாக ஆக மாட்டுகிற நேரம் குறைந்தது. அவர் பேசினால் உதட்டைப் பார்த்துத் தலையாட்டினாள், சிரிக்கிற இடம் பார்த்துச் சிரித்தாள். கேட்டதைக் கேட்காத மாதிரி இருக்கத் தெரிந்தவளுக்குக் கேட்காததைக் கேட்ட மாதிரி இருக்கவா தெரியாது? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறோம் என்று அவளுக்கே தெரிந்தது. ஆனால் மெஷின் இல்லாமல் ஜன்னலில் உட்கார்ந்தால் அந்தக் கடல் அவ்வளவு அழகாக இருந்தது.

அன்றைக்குக் காலை பதினொரு மணி இருக்கும். அவர் நடந்துவிட்டு வந்து, துண்டை எடுத்துக்கொண்டு பின்கட்டுக் குளியலறைக்குப் போனார். அவள் முன்னறை ஜன்னலில் உட்கார்ந்து அவர் சட்டைகளுக்குப் பொத்தான் தைத்தாள். டப்பா பக்கத்தில் இருந்தது. வெயில் இதமாக இருந்தது. மனசும் அப்படித்தான் இருந்தது. வாழ்க்கையில் ஒரு குறையும் இல்லை என்று நினைத்ததுகூட அவளுக்குப் பிற்பாடு ஞாபகம் வந்தது.

மூன்றாவது சட்டையை முடித்து நூலைக் கடிக்கும்போது எதிரே நிழல் விழுந்தது. நர்ஸ் நின்றுகொண்டிருந்தாள். வாய் படபடவென்று அசைந்தது.

"ஹலோ, வாங்க, உக்காருங்க" என்றாள் இவள்.

நர்ஸ் உட்காரவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்கட்டுக்கு ஓடினாள்.

சோப்புத் தண்ணீரில் ஒருக்களித்துக் கிடந்தார். வலது கால் தப்பான பக்கம் திரும்பியிருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. குளியலறை மேல் ஜன்னல் வழியாக முக்கால் மணி நேரம் குரல் வந்திருக்கிறது. யாரோ போனில் பேசுகிறார்கள் என்றுதான் நர்ஸ் முதலில் நினைத்தாளாம். திரும்பத் திரும்ப ஒரே வார்த்தையாக வரவும்தான் சந்தேகப்பட்டாளாம்.

"ஆபரேட்டர், லைன்ல இருக்கியான்னே கேட்டுக்கிட்டு இருந்தார் அக்கா" என்று நர்ஸ் அப்புறம் ஆஸ்பத்திரி வராந்தாவில் சொன்னாள். குத்தமாகச் சொல்லவில்லை. அவளுக்கு அந்த வார்த்தைகளின் அர்த்தம் தெரியாது.

ஆம்புலன்ஸ் பெரிய ஊரிலிருந்து வர வேண்டியிருந்தது. இடுப்பெலும்பு முறிவு. ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது. படுத்த படுக்கையில் நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. அவள் இரவும் பகலும் மெஷினைக் கழற்றாமல் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். 'கூப்பிட்டேனே, ஏன் வரல' என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 'கேளுங்களேன், திட்டித் தொலையுங்களேன்' என்று உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

பதினெட்டாவது நாள் மத்தியானம் தாங்க முடியாமல் அவளே ஆரம்பித்தாள்.

"அன்னிக்கு நான் மெஷினைக் கழட்டி..."

"தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"டப்பா ஜன்னல்லதானே இருக்கும். நடந்துட்டு வரும்போது தெருவுலேருந்தே தெரியும். மூணு மாசமா தெரியும்."

"பின்ன ஏங்க ஒரு வார்த்தை கேக்கல?"

மூச்சு வாங்கினார். "கேட்டா, கடல் சத்தம் தாங்கலன்னு சொல்லிடுவே. சொல்லிட்டா ஊரை மாத்தணும். எனக்கு மாத்த மனசு இல்ல. அதான் கேக்கல. என்னை நம்பி வந்தவளைச் செவிடாவே உக்கார வெச்சிட்டேன்."

அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. தன்மேல் இருந்த குற்றத்தில் பாதியை அவர் எடுத்துக்கொண்டுவிட்டார். இனி முழுசாகத் தன்னை நொந்துகொள்ளக்கூட வழி இல்லை. முப்பத்தொன்பது வருஷம் ஒன்றாக இருந்துவிட்டு, ஆளுக்கு ஒரு பக்கம் பொய்யைப் பொத்திப் பொத்தி வைத்திருந்திருக்கிறார்கள். அன்பு என்றுதான் இரண்டு பேரும் நினைத்தார்கள்.

"இப்ப போட்டிருக்கியா?"

"போட்டிருக்கேன்."

"என்ன கேக்குது?"

"உங்க நெஞ்சு கரகரங்குது. வேற ஒண்ணும் கேக்கல."

அதற்கு நாலாவது நாள் அந்தக் கரகரப்பும் நின்றது.

பையன் வந்தான், காரியங்களை முடித்தான். கூட வரச் சொல்லிக் காலில் விழாத குறையாகக் கெஞ்சினான். "கொஞ்ச நாள் போகட்டும்பா" என்று அனுப்பிவிட்டாள். அந்தக் கொஞ்ச நாள் ஒரு வருஷத்தைத் தாண்டிவிட்டது.

ஒருநாள் சாயங்காலம் நர்ஸ் ஏதோ கொடுக்க வந்தாள். முன்னறை ஜன்னல் சாத்தியிருந்தது. நாற்காலி அங்கே இல்லை. தேடிக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். குளியலறைக் கதவுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு ஹலோ அம்மா உட்கார்ந்திருந்தாள். காதில் மெஷின். அன்று காற்று ஜாஸ்தி, கடல் இரைந்துகொண்டிருந்தது. வலி பொறுக்கிற மாதிரி முகத்தைச் சுளித்துக்கொண்டு, ஒரு கையால் நெற்றியை அழுத்திக்கொண்டிருந்தாள்.

"தலை வெடிக்குதுன்னு நேத்துகூடச் சொன்னீங்களே அக்கா. அதைக் கொஞ்ச நேரம் கழட்டித்தான் வைங்களேன். வீட்ல வேற யாரு இருக்கா, உங்களைக் கூப்பிட?"

அவள் கதவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எப்படிம்மா கழட்டறது? என்னை மாத்தி விட இன்னும் ஆள் வரலையே."

நர்ஸ் கொண்டுவந்ததை அடுப்பங்கரையில் வைத்துவிட்டு, சத்தம் வராமல் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.