பழுப்புக் கோடு

படகுத்துறையின் ஊழியர் பதிவேட்டில் அவளைப் பற்றி மூன்று வரி இருந்தது. "துப்புரவுப் பணியாளர். தற்காலிகம். திறன் தேவைப்படாத வேலை. மேற்பார்வையின் கீழ் மட்டுமே செய்ய வேண்டும்." தற்காலிகமாகச் சேர்ந்து பத்தொன்பது வருடம் ஆகியிருந்தது. அதற்குள் நிரந்தர மேலாளர்கள் நான்கு பேர் வந்து போய்விட்டார்கள். மேற்பார்வை என்பது, வெயில் தாழ்ந்த பிறகு யாராவது ஒருவர் கொட்டாவியோடு கரையில் வந்து நின்று, "முடிஞ்சுதா?" என்று கேட்பது. திறனைப் பொறுத்தவரை, கண்ணை மூடிக்கொண்டு படகின் தளத்தில் நடந்தால் எந்தப் பலகைக்குக் கீழே நீர் ஊறியிருக்கிறது என்று உள்ளங்காலால் சொல்லிவிடுவாள். அதை எழுதப் பதிவேட்டில் கட்டம் இல்லை.

துறையில் எல்லோருக்கும் அவள் கண்ணாடியக்கா. அவள் தேய்த்த பித்தளையைப் பார்த்து ஒருவர் முகச்சவரம் செய்துகொண்டதாகக் கதை உண்டு. துறையில் படகு விற்றுக்கொடுக்கும் தரகர் அவளைவிட ஆறு வயது மூத்தவர். அவரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். வேலை வாங்க வேண்டிய இடத்தில் வயதைப் பார்த்தால் ஆகுமா?

அந்த வருடம் அவள் பொறுப்பில் இருந்தது ஒரு பாய்மரப் படகு. பன்னிரண்டு மீட்டர் நீளம், நெடுங்கடல் பயணத்துக்கென்றே கட்டியது. உள்ளே சமையல் மேடை, நான்கு படுக்கை, புத்தக அலமாரி, படகு ஆடும்போது புத்தகம் விழாமலிருக்க அதற்கொரு குறுக்குக் கம்பி. சொந்தக்காரர் ஒரு பொறியாளர். மனைவி இறந்த பிறகு அதில் கால் வைக்கவில்லை. ஆறு வருடம் கழித்து விற்பதற்குத் தரகரிடம் ஒப்படைத்தார். விளம்பரத்தைத் தரகரே எழுதினார்: "பயன்படுத்தியது, ஆனால் புதிது போன்றது. உரிமையாளரே தன் கையால் பேணியது." உரிமையாளரின் கை ஆறு வருடமாக வேறு ஊரில் இருந்தது. பேணிய கை, விளம்பரம் ஒட்டியிருந்த அலுவலகக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தது.

மழை தொடங்கி இரண்டாவது வாரம், படகின் உள்ளறையில், இடப்பக்கப் படுக்கைக்கு மேலே, மரப்பலகையில் ஒரு பழுப்புக் கோடு இறங்கியிருந்தது. நூல் கனம், விரல் நீளம். மனசு அதைப் பார்ப்பதற்குள் கை துடைத்துவிட்டது. பத்தொன்பது வருடப் பழக்கம். கை யாரையும் கேட்பதில்லை. மறுநாள் அதே இடத்தில் அதே கோடு. ஈரத் துணியோடு படுக்கை விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்தக் கோட்டை அவளுக்கு முன்பே தெரியும்.

பாய்மரம் தானாக நிற்பதில்லை. இரு பக்கமும் கம்பிகள் அதை இழுத்துப் பிடித்திருக்கும். கம்பியின் கால் படகின் உடம்போடு சேரும் இடத்தில், பலகைக்குப் பின்னால், ஒரு எஃகுத் தகடு. வெளியே தெரிகிற பாகம் எப்போதும் மின்னும்; அரிப்பு உள்ளே நடக்கும். தகடு தன் நிலைமையை வெளியே சொல்கிற ஒரே வழி அந்தப் பழுப்புக் கசிவு.

இது அவளுக்குத் தெரியவந்தது ஒரு விசாரணையில். ஒன்பது வருடத்துக்கு முன்பு அவள் கணவன், இதே துறையில் பாய் கட்டுகிறவன், விற்றுப்போன ஒரு படகை வாங்கியவரிடம் சேர்க்கக் கடல்வழியே கொண்டுபோனான். மூன்றாம் நாள் காற்றில் தகடு விட்டு, பாய்மரம் முறிந்து அவன் மேலேயே விழுந்தது. விசாரணை அதிகாரி தாளைப் பார்த்தபடி, குரலை உயர்த்தாமல் சொன்னார்: "இது ஒரே நாள்ல அரிக்கிற விஷயம் இல்ல. மாசக்கணக்கா பழுப்பா கசிஞ்சிருக்கும். யாராவது பார்த்திருக்கணுமே."

கடைசி பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள். பார்த்தவள் அவள்தான். அந்தப் படகு விற்கும்வரை நான்கு மாதம், தினமும் காலையில் பார்த்து, வினிகர் போட்டுத் துடைத்திருந்தாள். அதற்குப் பாராட்டும் வாங்கியிருந்தாள். பக்கத்தில் நாத்தனார் அவள் கையைப் பற்றிக்கொண்டு, "எந்தப் பாவி பார்த்துட்டுச் சும்மா இருந்தானோ, அவன் கை விளங்காது" என்று அழுதாள். பற்றியிருந்தது அந்தக் கையைத்தான்.

யாரிடமும் அவள் சொல்லவில்லை. ஒன்பது வருடம்.

இப்போது தரகரிடம் போனாள்.

"சார், இடப்பக்கப் படுக்கைக்கு மேல பழுப்பா ஒழுகுது. உள்ள தகடு போயிருக்கும்னு தோணுது."

"தோணுதா? எனக்குக்கூடத்தான் தலையில முடி இருக்கிற மாதிரி தோணும். துடைச்சு விடுங்கக்கா."

"துடைச்சா திரும்ப வருது சார்."

"அப்ப திரும்பத் துடைங்க. அதுக்குத்தானே நீங்க இருக்கீங்க?"

இந்த விஷயத்தில் பதிவேடும் தரகர் கட்சிதான்.

வெள்ளிக்கிழமை சர்வேயர் வந்தார். படகுக்கும் சர்வேயர் உண்டு. ஆனால் அளப்பதற்கு இல்லை, தட்டிப் பார்த்துச் சான்று எழுதுவதற்கு. கையில் ஒரு டார்ச், ஒரு மரச்சுத்தியல். அன்று காலை தரகர் பக்கத்திலேயே நின்று துடைக்கச் சொல்லியிருந்ததால் கோடு இல்லை.

"இவ்வளவு சுத்தமான படகை நான் பார்த்ததே இல்ல" என்றார் சர்வேயர்.

"சார், அந்தப் பலகையை மட்டும் ஒரு தடவை கழட்டிப் பார்த்தா..."

"ஏம்மா, சர்டிபிகேட்டுல கையெழுத்துப் போடப்போறது நீங்களா, நானா?"

சர்வேயரும் தரகரும் சிரித்தார்கள். "சீரான நிலை" என்று எழுதப்பட்டது.

ஞாயிற்றுக்கிழமை வாங்குகிறவர்கள் வந்தார்கள்: ஒரு பல் டாக்டர், அவர் மனைவி, எட்டு வயது மகள். வீட்டையும் ஆஸ்பத்திரியையும் வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு ஒரு வருடம் கடலிலேயே இருக்கப்போகிறார்கள். டாக்டர் உஷாரானவர். "மேல வெள்ளையா இருக்கிற பல்லுலதான் உள்ள சொத்தை இருக்கும். பளபளப்பைக் காட்டி என்னை ஏமாத்த முடியாது" என்று சொல்லிக்கொண்டே ஏணியில் இறங்கினார். இறங்கிப் பளபளப்பைப் பார்த்தார். "அடேயப்பா!" என்றார். சிறுமி நேராகப் போய் இடப்பக்கப் படுக்கையில் மல்லாந்து, "இது எனக்கு. யாரும் கேக்கக் கூடாது" என்று அறிவித்தாள்.

"சார், அந்த இடத்துல..." என்று கண்ணாடியக்கா ஆரம்பித்தாள்.

"அந்த இடம் மட்டுமா? எல்லா இடமும் அக்கா கை பட்டதுதான்" என்று தரகர் முடித்துவைத்தார்.

வருகிற சனிக்கிழமை கையெழுத்து. அடுத்த வாரம் பயணம்.

துறைக்குப் பின்னால் இரண்டு சிறிய அறைகள், வேலையோடு கொடுத்தவை. அங்கே அவளும் நாத்தனாரும். நாத்தனார் சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள். அண்ணனோடு இங்கே வந்தவள், அண்ணன் போன பிறகும் அண்ணியை விட்டுப் போகாதவள். நாக்கும் இஸ்திரிப் பெட்டி மாதிரிதான், சூடு ஆறாது.

"அண்ணி, வாயில என்ன பூட்டா? சோத்தை முறைச்சுப் பார்த்தா அது தானா உள்ள போயிடுமா?"

"ஒரு படகு விக்கிறாங்க."

"நமக்கா?"

"தகடு போயிருக்கு அதுல. சின்னப் பிள்ளையோட போறாங்க."

"வாங்கறவங்ககிட்ட சொல்லிட வேண்டியதுதானே?"

"உனக்கு எப்படித் தெரியும்னு கேப்பாங்க."

"சரி, எப்படித் தெரியும்?"

கண்ணாடியக்கா எழுந்து தட்டைக் கழுவப் போனாள்.

திங்கட்கிழமை முதல் படகின் பித்தளை, கண்ணாடி, மேடை எல்லாம் வழக்கத்தைவிட ஒரு மடங்கு கூடுதலாக மின்னின. பழுப்புக் கோடு விரல் நீளத்திலிருந்து சாண் நீளமாயிற்று. ஒவ்வொரு காலையும் கை தானாக அந்தப் பக்கம் போயிற்று. மற்றொரு கையால் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. தரகர் எட்டிப் பார்க்கும் நேரத்தில் படுக்கையின் தலையணையை நிமிர்த்தி அதன்மேல் சாய்த்துவைத்தாள். ஒளித்தால்தான் காட்ட முடியும் என்ற நிலைமை.

சனிக்கிழமை காலை தலையணையை எடுத்துவிட்டு வெளியே போய்க் கயிற்றைச் சுருட்டினாள்.

கையெழுத்துக்கு எல்லோரும் வந்து இறங்கியதும் சிறுமி தன் படுக்கைக்குப் போனாள். "அம்மா, சுவர்ல ஏதோ ஒட்டுது" என்று விரலைக் காட்டினாள். டாக்டரின் மனைவி குனிந்து பார்த்தாள்.

"ஏங்க, கொஞ்சம் இங்க வாங்க."

"டீ சிந்தியிருக்கும்மா" என்றார் தரகர்.

"உங்க ஊர்ல சுவர் மேல உக்காந்தா டீ குடிப்பீங்க?"

டாக்டருக்குத் தன் தொழில் அப்போதுதான் ஞாபகம் வந்தது. திருப்புளி கேட்டார். பலகை கழன்றது. பின்னாலிருந்த தகட்டை இரண்டு விரலால் பிடித்து ஆட்டினார். பாதி அவர் கையோடு வந்துவிட்டது. மனைவி மகளின் தோளைப் பிடித்து அருகே இழுத்துக்கொண்டாள். பிறகு மூவரும் ஏணி ஏறிப் போனார்கள். தன் மனைவியின் கண் கூர்மையான கண் என்று டாக்டர் பின்னாளில் பலரிடம் சொன்னதாகக் கேள்வி.

தரகர் அவளைக் கூப்பிட்டார். அன்று "அக்கா" இல்லை.

"எத்தனை நாளா துடைக்கல?"

"அஞ்சு நாள் சார்."

கடிதம் திங்கட்கிழமை வந்தது. "பணியில் அலட்சியம். ஒப்படைக்கப்பட்ட படகின் ஒரு பகுதி ஐந்து நாட்கள் துப்புரவு செய்யப்படவில்லை." அந்த அலுவலகம் அவளைப் பற்றி எழுதியவற்றில் முழுக்க உண்மையானது அது ஒன்றுதான். அறைகளைக் காலி செய்யப் பத்து நாள் கொடுத்திருந்தார்கள்.

நாத்தனார் கடிதத்தை இரண்டு முறை படித்தாள். "பத்தொன்பது வருஷமா கண்ணாடி கண்ணாடின்னு பேரு. ஒரு இடம் கண்ணுல படலையா அண்ணி?"

"பட்டுச்சு."

"பட்டும் ஏன் துடைக்கல?"

சொன்னாள். ஒன்பது வருடத்துக்கு முந்தைய அந்த நான்கு மாதத்திலிருந்து தொடங்கிச் சொன்னாள். நாத்தனார் மடித்துக்கொண்டிருந்த சேலையை மடித்து முடித்தாள். மறுநாள் காலை தன் துணிகளைப் பையில் போட்டுக்கொண்டு சலவைக்கடையின் பின்னறைக்குப் போய்விட்டாள். வாசலில் அண்ணி நீட்டிய கையை அவள் பற்றவில்லை.

இரண்டு மாதம் கழித்துப் புதிய தகடுகளோடு படகு வேறொருவருக்கு விற்றுப்போனது. விளம்பரத்தில், உரிமையாளரே தன் கையால் பேணியது என்ற வரி அப்படியே இருந்தது.

அவள் செய்தது இவ்வளவுதான்: திங்கள் முதல் வெள்ளி வரை ஒரு கோட்டைத் துடைக்காமல் விட்டாள், சனிக்கிழமை காலை தலையணையை எடுத்தாள்.