கறவை நேரத்துத் தூக்கம்

பிள்ளைக்குப் பகல் தூக்கம் மாறுகிறது என்பதை மாடுதான் எனக்கு முதலில் சொன்னது. கறந்துகொண்டிருக்கும்போதே பாலை அடக்கிக்கொண்டது. அதற்கப்புறம்தான் பலகைக்கு அந்தப் பக்கம் பிள்ளை வீறிடும் சத்தம் என் காதில் விழுந்தது.

சிராங்கூன் ரோட்டை ஒட்டி அத்தாப்பு ஓலை வேய்ந்த கொட்டகை எங்களுடையது. நானும் என் வீட்டுக்காரரும், அவருடைய அண்ணனும் அண்ணன் மனைவியும் ஒரே கூரையின் கீழ் இருந்தோம். எங்களுக்கும் மாடுகளுக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர், அவ்வளவுதான். விடியற்காலைக் கறவையை ஆண்கள் பார்த்துக்கொண்டார்கள். மத்தியானம் அண்ணனும் தம்பியும் வண்டியைப் பூட்டிக்கொண்டு, அன்னாசிப் பழத்தைத் தகரத்தில் அடைக்கிற தொழிற்சாலைக்குப் போய்த் தோல் அள்ளி வருவார்கள். மாட்டுத் தீனிக்கு அங்கே அதுதான் வசதி. அதனால் மத்தியானக் கறவை என் தலையில் விழுந்தது. என் ஓரகத்திக்கு மாட்டுக்குப் பக்கத்தில் போகவே பயம். அடுப்பும் தயிர்ப்பானையும் அவள் பொறுப்பு, மடியும் சாணியும் என் பொறுப்பு.

என் மகனுக்கு இரண்டு வயது நிறையவில்லை. அதுவரை பகலில் இரண்டு முறை தூங்குவான். காலையில் கஞ்சி குடித்துவிட்டு ஒன்று, மத்தியானம் ஒன்று. அந்த மத்தியானத் தூக்கத்தை நம்பித்தான் நான் செம்பை எடுத்துக்கொண்டு மாட்டடியில் உட்காருவேன். திடீரென்று காலைத் தூக்கத்தை விட்டுவிட்டான். உச்சிப்பொழுதுக்கு முன்பே கண்ணைக் கசக்குவான், வாயில் சோறு இருக்கும்போதே சாய்வான், நான் கறக்க உட்காரும் நேரம் பார்த்து எழுந்துகொள்வான். பிள்ளை அழுதால் மாடு சுரக்காது. காம்பை எவ்வளவு நீவினாலும் சொட்டு வராது.

பால் குறைந்தது, வீட்டில் முகங்கள் கறுத்தன.

"ஒரு புள்ளைய தூங்க வைக்கத் தெரியல உனக்கு. ஊர்ல பொம்பளைங்க இடுப்புல வெச்சுக்கிட்டே வயல் வேலை பாக்கறாங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

"அப்ப நீங்க இடுப்புல வெச்சுக்கிட்டுப் போய் அன்னாசித் தோல் அள்ளிட்டு வாங்க" என்றேன். கொஞ்ச நாள் என்னோடு பேசவில்லை. எனக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது.

தூக்கத்தைத் தள்ளிப் போட நான் செய்யாததில்லை. கண் சொக்கும்போதெல்லாம் முகத்தில் தண்ணீர் அடித்தேன். குட்டையில் எருமைகள் ஊறுவதைக் காட்ட வெயிலில் தூக்கிக்கொண்டு அலைந்தேன். ரிக்‌ஷா போனால் ரிக்‌ஷா, காக்கை உட்கார்ந்தால் காக்கை. எதைக் காட்டினாலும் தோளில் தலையைப் போட்டுவிடுவான். வீட்டுக்குக் கொண்டுவந்து தூளியில் போட்டால், மாடுகள் கத்தத் தொடங்கும்போது தெளிவாக எழுந்து உட்காருவான்.

அப்போதுதான் ஓரகத்தி கையை நீட்டினாள். அவளுக்குப் பிள்ளை இல்லை.

"என்கிட்ட குடு. ஜாதிக்காயை லேசா உரைச்சு நாக்குல தடவுனா தன்னால தூங்குவான். நீ போய்க் கறவையைப் பாரு" என்றாள்.

இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? வசம்பும் மாசிக்காயும் ஜாதிக்காயும் கல்லில் உரைத்துக் குழந்தை நாக்கில் தடவாத தமிழ் வீடு உண்டா? கைக்குழந்தையாக இருந்தபோது நானே அவனுக்கு உரைத்துக் கொடுத்திருக்கிறேன். கொடுத்துவிட்டுக் கறக்கப் போனேன்.

தூங்கினான். கறவை முடிந்து, செம்பு கழுவி, சாணி அள்ளி, நான் குளித்து வந்த பிறகும் தூங்கினான். பால் பழைய அளவுக்கு வந்தது. வீட்டுக்காரர் என்னோடு பேச ஆரம்பித்தார். பேசியது இதைத்தான்: "பாத்தியா, அண்ணி மடியில கிடந்தா எப்படி அடங்கிப் போறான். அதுக்கெல்லாம் ஒரு கை வேணும்." அக்கம்பக்கத்துப் பெண்களும் அவளுடைய கைராசியைப் பேசினார்கள். பெறாத வயிறாக இருந்தாலும் தாய் மனசு என்றார்கள். நான் சாணி தட்டிக்கொண்டிருந்தேன்.

ஆனால் விழித்திருக்கும் நேரத்தில் பிள்ளை பிள்ளையாக இல்லை. உட்கார வைத்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தான். வைக்கோலுக்குள் புகுந்து விளையாடுகிறவன் வைக்கோலைத் திரும்பியும் பார்க்கவில்லை. சோறு இறங்கவில்லை, வயிறு போகவில்லை. எப்போது பார்த்தாலும் மூக்கைச் சொறிந்துகொண்டிருந்தான். பல் வருகிற நேரம், அப்படித்தான் இருக்கும் என்றாள் ஓரகத்தி.

ஒருநாள் ஒரு கன்றுக்குக் கழிச்சல் கண்டது. மாட்டுக்குக் கழிச்சல் வந்தால் அபினைக் கரைத்து ஊற்றுவார்கள். அதற்காக அண்ணன் ஒரு தகர டப்பாவில் இலையில் சுற்றி அபின் வைத்திருந்தார். அந்தக் காலத்தில் அது ஒளித்து வைக்கிற சாமான் இல்லை. டப்பாவைத் திறந்தவர், "இதுல யாரு கிள்ளுனது? பாதிகூட இல்லையே" என்றார். மிச்சமிருந்ததைக் கரைத்துக் கன்றுக்கு ஊற்றினார். கொஞ்ச நேரத்தில் அது காலை மடக்கிப் படுத்தது. கண் பாதி மூடி, பாதி திறந்து கிடந்தது.

பிள்ளை இதே மாதிரி கிடப்பதை நான் தினமும் மத்தியானம் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே ஓடிப்போய்ப் பிள்ளையின் இமையைத் தூக்கிப் பார்த்தேன். அந்த இருட்டு அறையிலும் கண்மணி கடுகாகச் சுருங்கியிருந்தது. அடுப்படியில் இருந்த உரைகல்லை எடுத்து நக்கினேன். ஜாதிக்காய் மணத்துக்கு அடியில் அப்படி ஒரு கசப்பு.

அபினா என்று கேட்டேன். ஓரகத்தி மறுக்கவில்லை. "துளியூண்டுதானே உரைச்சேன். தூங்குனான்ல? பால் வந்துச்சுல்ல?" என்றாள்.

வீட்டுக்காரர் என்னைத்தான் அதட்டினார். "அண்ணி என்ன விஷமா வெச்சாங்க? ஊர்ல யாரும் குடுக்காததா? கத்தாதே, தெருவுக்குக் கேக்குது." அண்ணனுக்கு இருந்த ஒரே கவலை, அடுத்த கன்றுக்குக் கழிச்சல் வந்தால் என்ன செய்வது என்பது. இவர்களோடு ஒரே பானைச் சோற்றைத் தின்றேனே என்று அன்றைக்கு எனக்கு வந்த வெறுப்பு இன்னும் போகவில்லை.

அதற்குப் பிறகு பிள்ளையை நான் யார் கையிலும் கொடுக்கவில்லை. மருந்து நின்றதும் அவன் பட்ட பாடு கொஞ்சமல்ல. வயிறு போனது, உடம்பு முறுக்கியது, பகலில் ஒரு பொட்டும் தூங்காமல் கத்தினான். பெரியம்மா மடியில் சுகமாகக் கிடந்த பிள்ளையை இவள் எடுத்துப்போய்ப் படுத்துகிறாள் என்றார்கள் அக்கம்பக்கத்துப் பெண்கள். கறக்கும்போது, மாடு உதைத்தாலும் எட்டாத தூணாகப் பார்த்து, அவன் இடுப்பில் துணியைச் சுற்றி, அதன்மேல் கன்றுக் கயிற்றைக் கட்டி, என் கண்ணெதிரே உட்கார வைத்தேன். கையில் ஒரு கொட்டாங்கச்சி கொடுத்தேன். முதலில் அவன் அழுதான், மாடு அடக்கியது, நான் ஏச்சு வாங்கினேன். போகப் போக மாடு அவன் சத்தத்துக்குப் பழகிவிட்டது. அவனும் உச்சிக்கு முன்னால் தூங்கி எழுந்து, கொட்டாங்கச்சியைத் தரையில் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மறுபடியும் வைக்கோலை அள்ளித் தலையில் போட்டுக்கொண்டான். அதைப் பார்த்த அன்று மாட்டு வயிற்றில் நெற்றியை முட்டுக்கொடுத்து அழுதேன்.

போகிறவர் வருகிறவர் கண்ணில் பட்டது கயிறு மட்டும்தான்.

ஓரகத்தி போன மாதம் இறந்தாள். என் மகன்தான் மொட்டை அடித்துக் கொள்ளி வைத்தான். துக்கம் கேட்க வந்தவர்களிடம், "பெரியம்மா மடியிலதான் நான் தூங்கி வளந்தேன். எங்கம்மா என்னைக் கன்னுக்குட்டி மாதிரி கட்டிப் போட்டுட்டுப் பால் கறந்தவங்க" என்றான். அவனுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அவள் சொல்லிக் கொடுத்த கதை அது. வந்தவர்கள் என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

இத்தனை வருஷம் வீட்டுக்காரருக்காக அடக்கி வைத்திருந்தேன். அவரும் இப்போது இல்லை. எல்லோரும் போனதும் மகனை உட்கார வைத்து டப்பாவையும் கன்றையும் உரைகல்லையும் சொன்னேன். கடைசிவரை கேட்டான்.

"அதுக்கு இப்ப என்னம்மா? நான் நல்லாத்தானே இருக்கேன்" என்றான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அவங்க செத்துப் பதினாறுகூட ஆகல. இன்னுமா உனக்குப் பொறாமை?" என்றான்.

நன்றாகத்தான் இருக்கிறான். அன்றைக்கு அவன் செத்திருந்தால் நான் சொன்னதை ஊரே நம்பியிருக்கும்.