கேரல் குழுவின் வாயைக் கட்டிய மல்லாட்டை

கிறிஸ்துமஸ் நெருங்கிக்கொண்டிருந்த நேரத்தில் என் மனைவியின் வலது கையில் மாவுக்கட்டு போட்டார்கள். எங்கள் சர்ச் சபைப் பெண்களோடு கல்வராயன் மலைக்குப் போனவள், அருவிப் பக்கம் பாறையில் நின்று செல்ஃபி எடுக்கும்போது வழுக்கி விழுந்துவிட்டாள். மலையிறங்கும்போது வேனில் மற்ற பெண்கள்தான் அழுதுகொண்டு வந்தார்களாம். இவள் அவர்களைத் தேற்றிக்கொண்டு வந்திருக்கிறாள். கள்ளக்குறிச்சியில் எலும்பு டாக்டர், "கட்டுப் பிரிக்கிற வரைக்கும் வண்டி, வேன் எதுலயும் ஏறக்கூடாது" என்று சொன்னபோதுதான் அவளுக்குக் கண் கலங்கியது.

கலங்கியது கைக்காக இல்லை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே எங்கள் சபைப் பாடகர் குழுவில் பாடுகிறவள் அவள். டிசம்பர் வந்தால், கிறிஸ்துமஸ் பாட்டுப் பாட வீடு வீடாகப் போகும் கேரல் வேனில் ஏறி, சங்கராபுரம் பக்கம், சின்னசேலம் பக்கம் என்று சபையார் வீடுகளுக்கெல்லாம் போவாள். பாட்டை எடுத்துக் கொடுப்பது அவள்தான். அவள் எடுத்தால்தான் மற்றவர்களுக்குச் சுருதி பிடிபடும். இந்த வருடம் வீட்டில் உட்கார வேண்டும் என்றதும் பேச்சே குறைந்துவிட்டது. டிவி ஓடும், அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

நான் அரசுப் பேருந்தில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவன். மலைக்குப் போகும் தடத்தில் பல வருடம் ஓட்டியிருக்கிறேன். சமையலில் டீ போடத் தெரியும், அவ்வளவுதான். கட்டு போட்ட பிறகு அவள் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல சோறும் ரசமும் வைக்கக் கற்றுக்கொண்டேன்.

இப்படி இருக்கும்போது ஒரு நாள், அடுத்த நாள் சாயங்காலம் கேரல் குழு எங்கள் வீட்டுக்கு வருகிறது என்று தகவல் வந்தது.

"முறுக்கு இல்ல, அதிரசம் இல்ல. வர்றவங்களுக்கு இன்னாத்த குடுப்பீங்க? பிஸ்கட் பாக்கெட்டா?" என்றாள்.

எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்க எனக்குப் பயம். அப்போதுதான் ஃப்ரிட்ஜ் மேல் துணி போர்த்தி வைத்திருந்த, சூட்டுக் காற்றிலேயே வறுக்கும் ஏர் ஃப்ரையர் பெட்டி கண்ணில் பட்டது. சென்னையில் இருக்கும் மகள் வாங்கி அனுப்பியது. அதில் கடலைக்கு இனிப்புப் பூசி வறுக்கும் வீடியோ ஒன்றை போனில் பார்த்திருந்தேன். வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். தம்பி நிலத்து மல்லாட்டை ஒரு மூட்டை வீட்டில் கிடந்தது. வெல்லமும் இருந்தது.

மறுநாள் மத்தியானமே பெட்டியை இறக்கினேன்.

"அதுல நான் அப்பளங்கூட சுட்டதில்லீங்க" என்றாள் மனைவி.

"நீ சுட வேணாம். நான் சுடறேன். பாத்துக்கினு இரு."

வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி, கொஞ்சம் நெய், ஏலக்காய், ஒரு சிட்டிகை உப்பு சேர்த்து, மல்லாட்டைப் பருப்பைப் போட்டுப் புரட்டினேன். கூடையில் ஒட்டாமல் இருக்க பட்டர் பேப்பரைப் பெரிதாக வெட்டி விரித்தேன். அங்கேதான் தப்பு. உள்ளே காற்றாடி சுற்றியதும் பேப்பரின் ஓரம் எழும்பி மேலே சூடாகும் கம்பியில் பட்டுவிட்டது.

"ஐயோ, வூடு பூரா பொகை! ஆஃப் பண்ணுங்க!" என்று கத்தினாள். பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தார். "ஒண்ணுமில்ல, பலகாரம்" என்றேன்.

அடுத்த முறை பேப்பர் இல்லை. ஆனால் சீக்கிரம் ஆகட்டும் என்று சூட்டை ஜாஸ்தியாக வைத்தேன். திறந்தால் எல்லாம் கறுப்பு. அவள் ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்தாள்.

"கஷாயம் வைக்கலாம்" என்றாள். பல நாள் கழித்து அவள் சிரித்ததைப் பார்த்தேன். அதற்காகவே இன்னொரு கூடை கரியாக்கலாம் போலிருந்தது.

பிறகு அவளே பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "சூட்ட கம்மி பண்ணுங்க. பாதியில வெளிய எடுத்துக் குலுக்குங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். இந்த முறை கூடையைத் திறந்தபோது வெல்லமும் ஏலக்காயும் சேர்ந்து அப்படி ஒரு வாசனை. குலுக்கி மறுபடி உள்ளே தள்ளினேன். காற்றாடி இரண்டு சுற்று சுற்றியது, கரண்ட் போய்விட்டது.

காத்திருந்தோம். வரவில்லை. அதற்குள் தெருமுனையில் டிரம் சத்தம் கேட்டுவிட்டது. வேறு வழியில்லாமல், நெய் தடவிய தட்டில் கொட்டி முள்கரண்டியால் பிரித்துவிட்டேன். பளபளவென்று பார்க்க நன்றாகவே இருந்தது. தின்று பார்க்க நேரமில்லை.

எமர்ஜென்சி லைட் வெளிச்சத்தில் ஹால் முழுக்க ஆட்கள். இரண்டு பாட்டுப் பாடினார்கள். என் மனைவி சுவரோரம் உட்கார்ந்து உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தாள். போதகர் அவள் கைக்காக ஜெபம் செய்தார். ஜெபம் முடிந்ததும் நான் தட்டோடு போனேன். "நானே செஞ்சது" என்றேன். ஆளுக்கொரு கை அள்ளி வாயில் போட்டார்கள்.

முதலில் தலையை ஆட்டினார்கள். பிறகு ஒரு பேச்சையும் காணோம். இளகியிருந்த பாகு ஆறியதும் பசையாகிப் பல்லைக் கவ்விவிட்டது. போதகர் "ரொம்ப நல்..." என்று ஆரம்பித்து முடிக்க முடியாமல் கைகூப்பினார். கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் போட்டவர் முகமூடியைத் தூக்கிவிட்டுத் தின்றார். பஞ்சுத் தாடி விரலோடும் உதட்டோடும் ஒட்டிக்கொண்டது.

போதகர் கைகூப்பியதை விடைபெறுவதாக நினைத்து என் மனைவி, "எனக்குப் புடிச்ச பாட்ட பாடாமயே கெளம்பறீங்களே?" என்றாள்.

டிரம் வாசிப்பவருக்கும் வாய் நிறைய மல்லாட்டைதான். ஆனால் கை சும்மாதானே இருந்தது, தாளத்தைத் தொடங்கிவிட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தாளம் மட்டும் போய்க்கொண்டிருந்தது. அவளுக்கு விஷயம் புரிந்தது. கட்டுப் போட்ட கையைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவளே பாட்டை எடுத்தாள்.

முதல் சரணம் முழுக்க அவள் குரல் மட்டும்தான். மற்றவர்கள் மூடிய வாயோடு 'ம்ம்ம்' என்று கூடவே வந்தார்கள். எப்போது எழுந்து நின்றாள் என்று நான் கவனிக்கவில்லை. இரண்டாவது சரணத்தில் ஒவ்வொரு வாயாக விடுபட்டு, ஒவ்வொரு குரலாகச் சேர்ந்தது. கடைசியில் போதகரும் சேர்ந்தார். இத்தனை வருடக் கல்யாண வாழ்க்கையில் அவள் பாட்டைச் சர்ச்சில் கூட்டத்தோடு கேட்டிருக்கிறேன். தனியாகக் கேட்டது அன்றைக்குத்தான். தட்டைப் பிடித்தபடி அப்படியே நின்றேன்.

பாட்டு முடிந்ததும் டிரம்காரர், "அக்கா, இந்தத் தெருவுலயே இன்னும் மூணு வூடு இருக்குது. நடந்துதான் போறோம். வாங்க" என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். "டாக்டரு வண்டியிலதானே ஏற வேணாம்னாரு? நடக்க வேணாம்னு சொல்லலியே?"

"சொல்லலதான்" என்றேன். அவள் செருப்பை எடுத்து முன்னால் போட்டேன்.

மீதி மல்லாட்டையை ஒரு டப்பாவில் போட்டு எடுத்துவரச் சொன்னார் போதகர். "ஆனா பாடி முடிச்ச பொறவு குடுங்க" என்றார். கதவைப் பூட்டிக்கொண்டு அவர்கள் பின்னால் போனேன். கேரல் ராத்திரிகளில் எப்போதும் வீட்டில் தூங்கிவிடுகிற ஆள் நான். கடைசி வீட்டில் அவள் பாட்டை எடுத்துக் கொடுத்தபோது, டப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நானும் கை தட்டினேன். தாளம் தப்பியது. அவள் திரும்பிப் பார்த்து, தலையை ஆட்டித் தாளம் காட்டிக்கொண்டே பாடினாள்.