ஆறு எக்ஸாஸ்ட் ஃபேனும் நானும்

சீலிங் ஃபேன் விற்பது சுலபம், வியர்த்தவர் தானே வந்து கேட்பார். குளியலறைக்கு எக்ஸாஸ்ட் ஃபேன் விற்கிறவன் பாடு, கவுண்டருக்குப் பின்னால் நின்று கால் கடுத்தவர்களுக்குத்தான் தெரியும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் தென்னூரில் ஒரு மின்சாமான் கடையில் நான் சேல்ஸ்மேன். "இனிமே எல்லா வீட்டுலயும் இதுதான் சார்" என்று முதலாளியை நச்சரித்து ஆறு ஃபேன்களை வரவழைத்தவனும் நான்தான். மூன்று மாதமாகியும் ஒன்றுகூட அசையவில்லை. முதலாளி ஒருநாள் மேல்தட்டைப் பார்த்தபடி சொன்னார்: "அருள், தீபாவளிக்குள்ள அந்த ஆறும் போகணும். இல்லேன்னா நீங்க போயிடுங்க."

எனக்குக் கல்யாணமாகி நாலு மாதம். அன்றிலிருந்து ஸ்டூலில் உட்காரவே முடியவில்லை. யார் படியேறினாலும் வாசலுக்கு ஓடினேன்.

லால்குடிக்காரர்

மோட்டாருக்கு ஃபியூஸ் கம்பி வாங்க வந்தார் ஒரு விவசாயி. விடுவேனா? ஃபேனை இறக்கித் துடைத்துக் காட்டி, உள்ளேயிருக்கும் ஈரக்காற்றை இது வெளியே தள்ளிவிடும் என்று கால்மணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"நாங்க குளிக்கிறதே வெளியிலதாங்க. காத்தை இன்னும் எங்க தள்றது?"

பெரிசா இருந்தா நல்லது

பக்கத்துத் தெருக் கல்லூரி ஆசிரியர், குளியலறை அளவைத் துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு வந்தார். அந்தப் பொந்துக்கு ஒன்பது அங்குலமே தாராளம். என்னிடம் இருந்த ஆறும் பன்னிரண்டு. "பெரிசா இருந்தா நல்லதுதானே சார்" என்று தலையில் கட்டினேன். பொய் சொன்ன பயத்தில் அவர் தெருப் பக்கமே ஒரு வாரம் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை, கோயில் வாசலில் பிடித்துவிட்டார்.

"முன்னெல்லாம் யார் குளிக்கிறாங்கன்னு எங்க வீட்டுக்கே தெரியாது. இப்ப அது போடற சத்தத்துல தெருவுக்கே தெரியுது, தம்பி."

மடி

இரண்டாவதை வாங்கியவர் ஸ்ரீரங்கத்து ராகவன், ரயில்வேக்காரர். அவர் மனம் மாறிவிடுமோ என்று அன்றைக்கே எலக்ட்ரீஷியனை இழுத்துக்கொண்டு போய், கொல்லைச் சுவரில் துளை போட்டு மாட்டிவிட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்கவில்லை.

இருந்தது பக்கத்து வீட்டு மாமியின் மடிக்கொடி. சமையலுக்கு உடுத்தும் புடவையைத் துவைத்து, யார் கையும் படாமல் உலர்த்துகிற மூங்கில் கழி. குளியலறைக் காற்று முழுவதும் அதன்மேல்தான் வீசியிருக்கிறது. மூன்றாம் நாள் மாமி பஸ் ஏறிக் கடைக்கே வந்துவிட்டார். முதலாளி கணக்கு நோட்டை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். தொலைந்தேன் என்றே நினைத்தேன்.

"கை பட்டாத்தான் மடி போய் விழுப்பாகுமா? உங்க காத்து பட்டாலும் விழுப்புதான். ரெண்டு நாளா எங்காத்துப் பெருமாளுக்கு வெறும் பாலும் பழமும்தான்!"

மாமியின் கேள்வி

வெட்கமாக இருந்தது. மறுநாள் காலையே போய், அதே ஃபேனைக் கழற்றி, சந்துப் பக்கச் சுவருக்கு மாற்றினேன். மாமி தன் கொல்லையில் நின்று மேற்பார்வை பார்த்தார். ஓட்டிக் காட்டியபோது எலக்ட்ரீஷியனின் பீடிப் புகையை அது இழுத்துச் சந்துக்குத் தள்ளுவதைப் பார்த்தார். பிறகு ராகவனையும் என்னையும் சேர்த்தே கேட்டார்.

"நாழிப்பொழுது குளிக்கிற ஈரத்துக்கு மெஷின் வெச்சேளே, முப்பது வருஷமா விறகடுப்புப் புகையில வேகறவாளுக்கு ஒண்ணும் தோணலையா?"

நாலும் போன கதை

எனக்குத் தோணவில்லைதான். என் மனைவியும் வீட்டில் புகையில்தான் இருமிக்கொண்டிருந்தாள். மாமியின் தளிகை உள்ளில், அதாவது சமையலறையில், எங்களுக்கு அனுமதி கிடையாது. மூன்றாவது ஃபேனை மாமி வாங்கிக்கொள்ள, வெளியே ஏணி போட்டு, அவர் உள்ளேயிருந்து "இன்னும் மேலே, இன்னும் மேலே" என்று சொல்லச் சொல்ல மாட்டினோம். அதைப் பார்த்து அதே வரிசையில் இன்னும் மூன்று வீட்டு மாமிகள் கேட்டார்கள். தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு மேல்தட்டு காலி. அப்பாடா என்று ஸ்டூலில் உட்கார்ந்தேன். முதலாளி முதல்முறையாகச் சிரித்தார்.

"அருள், அடுத்து இருபத்துநாலு வரவழைப்போமா?"

அன்று ஸ்டூலைவிட்டு எழுந்தவன்தான், மறுபடி உட்காரவில்லை. இன்றும் யார் ஃபேன் கேட்டாலும், குளியலறை அளவைக் கேட்கும் முன் சுவருக்கு அந்தப் பக்கம் யார் என்று கேட்டுவிட்டுத்தான் மறுவேலை.